எண்பது கொழுந்து நோட்டு

மாலை கழுத்தில் விழுந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுவார்களே, அந்த மாதிரி நோட்டு மாலை. ஒவ்வொரு நோட்டையும் விசிறியாக மடித்து, சிவப்பு நூலில் கோத்து, நடுவில் ஜிகினா வைத்துக் கட்டியிருந்தார்கள்.

அத்தனையும் என்னுடைய நோட்டு.

என்னுடையது என்று சொல்லக் கூடாதுதான். அது இந்தத் தேயிலைத் தோட்டத்தின் நோட்டு. கொழுந்து நோட்டு என்று பெயர். தலவாக்கலையில் இருக்கும் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு அச்சடித்தது. கொழும்பில் பொருளாதாரம் படிக்கும் என்னை மூன்று மாதக் களப்பணிக்கு இங்கே அனுப்பி, இதைப் புழக்கத்தில் விடுவது உன் பொறுப்பு என்று கம்பஸில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நோட்டு நூறு ரூபாய்க்குச் சமம். ராக்காயி அக்காவிடம் கொடுத்தால் லீக்ஸோ வேறு காய்கறியோ தருவார். அவர் அந்த நோட்டைப் பேச்சியம்மாவிடம் கொடுத்துச் சட்டை தைத்துக்கொள்வார். பேச்சியம்மா அதற்குக் கடைக்கார நாகரத்தினத்திடம் மாவு வாங்குவார். நாகரத்தினம் அதே நோட்டுக்கு ராக்காயி அக்காவிடம் காய்கறி எடுப்பார். காசு மலையை விட்டு இறங்காமல் மலையிலேயே சுற்றும்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் சுற்றியது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பிறகு நோட்டுகள் காணாமல் போகத் தொடங்கின.

நாகரத்தினம் கல்லாவைத் திறந்து காட்டினார். ஒன்றுகூட இல்லை. ராக்காயி அக்கா இடுப்புப் பையை உதறிக் காட்டினார். அதிலும் இல்லை.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினேன். நோட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள், செலவழித்தால்தான் அதற்கு உயிர் என்று தொண்டை வற்றச் சொன்னேன். சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்று தலையாட்டினார்கள். நான் டீச்சர் இல்லை. கொப்பியும் பேனாவுமாக வந்து இறங்கியதால் டீச்சர் ஆனவள். தேநீர் கொடுத்தார்கள். முதல் நாள் அட்டை கடித்து நான் அலறியதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். நோட்டு மட்டும் வெளியே வரவில்லை.

அமைப்பிலிருந்து வரும் கஜேந்திரன் போன வாரம் பட்டென்று சொல்லிவிட்டார். நோட்டு கை மாறவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை இருப்பதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு திட்டத்தை மூட வேண்டியதுதானாம்.

இன்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கும் இங்கே கடைசி நாள். மூன்று மணிக்கு வேன்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவின் முற்றத்தில் பெரிய கூட்டம். வேலை இல்லாத நாள் என்பதால் குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள். கஜேந்திரன் பைலும் கையுமாக ஓர் ஓரத்தில் நின்றார்.

நான் குனிந்து மாலையை எண்ணினேன். ஊர் பார்க்க, வெட்கமில்லாமல், விரல் விட்டு எண்ணினேன்.

எண்பது. அச்சடித்ததே எண்பதுதான்.

ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்காமல் நான் தேடிய நோட்டு இவர்கள் கையில்தான் இருந்திருக்கிறது. என்னைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே சேர்த்திருக்கிறார்கள்.

நிமிர்ந்து முகங்களைப் பார்த்தேன். கோபம் போய்ப் பாவமாக இருந்தது. ஒவ்வொரு நோட்டும் ஒரு வீட்டின் மாவு, ஒரு பிள்ளையின் சட்டை. அதை வாங்காமல் மிச்சம் பிடித்து, இது செல்லாத ஊருக்குப் போகிறவளின் கழுத்தில் போட்டிருக்கிறார்களே. தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அதனால் பொறுமையாக விளக்கினேன். கொழும்பில் வெள்ளவத்தைக் கடையில் இதை நீட்டினால் ஒரு வடைகூடத் தரமாட்டார்கள். தோட்டத்தைத் தாண்டினால் இது வெறும் கடதாசி. கோபிக்காமல் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மாலையைக் கழற்றப் போனேன்.

முற்றமே சிரித்தது. பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

பேச்சியம்மா என் கையைத் தட்டிவிட்டு மாலையைச் சரிசெய்தார்.

"இங்க மட்டுந்தான் செல்லும்னு தெரியாமயா டீச்சர் கோத்தோம்? செலவழிக்கவாவது நீங்க திரும்பி வந்துதானே ஆவணும்!"

மூன்று வருடம் பொருளாதாரம் படித்தவள், கழற்றப் போன மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் மறைக்கவில்லை.

கஜேந்திரன் தொண்டையைச் செருமினார். பைலைத் திறந்து ஏதோ தாளைப் புரட்டினார். மாலையாகப் போட்டதைத் திரும்ப வாங்க முடியாதாம்; ஓர் ஆள் கையில் நோட்டு இருக்கும்வரை அதற்கு அமைப்புதான் பொறுப்பாம். எண்பதையும் நான் வந்து செலவழித்துத் தீர்க்காமல் திட்டத்தை மூட விதியில் இடமில்லையாம். அதுவரை தோட்டத்துக்குப் புதிதாக ஒரு கட்டு அச்சடிக்க வேண்டியிருக்கும் என்று சலித்துக்கொண்டார். சலிப்பைக் காட்ட அவர் பட்ட பாடுதான் பெரிய பாடு. வாய் காதுவரை போயிருந்தது.

விசில் பறந்தது. யாரோ தகரத்தில் தாளம் போட்டார்கள். ராக்காயி அக்கா என்னை இழுத்துவிட்டு ஆடச் சொன்னார். மாலை குலுங்க ஆடினேன்.

வேன் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நாகரத்தினம் கடை வாசலில் நின்று கூப்பிட்டார். சுடச்சுட ரொட்டியும் தேநீரும் எடுத்து வைத்து, மாலையிலிருந்து ஒரே ஒரு நோட்டை உருவிக் கொடுத்தால் போதும் என்று கையை நீட்டினார்.

ரொட்டியைப் பார்த்தேன். நல்ல பசி. மாலையைப் பார்த்தேன். ஒரு நோட்டைக்கூட அவிழ்க்க மனம் வரவில்லை.

கைப்பையைத் துழாவி, ஊரெல்லாம் செல்லும் ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.