காற்றின் தோளில் ஒரு கை

"அவன் நிக்கிற படத்திலை நான் நிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்!"

பிலேந்திரன் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னார். 'அவன்' என்றது கூடப்பிறந்த தம்பி கிளெமென்றை. தம்பி மேல்மாடியில், தங்கை அனஸ்ரேசியாவின் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆர் மச்சான் உங்களைச் சேந்து நிக்கச் சொன்னது? தனித்தனியாத்தான் எடுக்கிறன்" என்றான் அனஸ்ரேசியாவின் கணவன் வின்சென்ற்.

மன்னாரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரே ஆசை. இரண்டு மகன்களையும் ஒரு படத்தில் ஒன்றாகப் பார்க்க வேண்டும். அவர்களோ அனஸ்ரேசியாவின் கலியாணத்தோடு முகம் பார்ப்பதை விட்டவர்கள். ஆளுக்குப் பாதியாகத் தன் சாயலைக் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் இடத்தில் நின்று, பெண்ணைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போவது யார் என்று வாசலிலேயே சண்டை. கடைசியில் அவள் தனியாகத்தான் நடந்து போனாள்.

அவர்கள் புலம்பெயர்ந்து வாழும் ட்வெய்ட்டாவில் பழைய சாமான் சந்தையில் வாங்கிய பெட்டிக் கமெராவை நம்பி வின்சென்ற் திட்டம் போட்டான். பிலிமைச் சுற்றாமல் விட்டால் அதில் ஒரு படத்தின் மேல் இன்னொன்று விழும். அண்ணன் இடது ஓரம், தம்பி வலது ஓரம். டிஜிட்டல் கமெரா என்றால் இருவரும் உடனே எட்டிப் பார்த்துவிடுவார்கள். பெட்டி யாரையும் காட்டிக்கொடுக்காது.

அடுக்குமாடியின் பின்பக்கத்தில் கறுத்த செங்கல் சுவர். பெட்டியை ஸ்டூலில் வைத்து, அதன் மேலிருந்த சின்னக் கண்ணாடியைக் குனிந்து பார்த்தான். பிலேந்திரன் அதன் இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்து, படம் எடுத்து முடியும்வரை தலை நிமிரவில்லை.

"கையை வெறும் பக்கமா நீட்டுங்கோ. தோளிலை போட்ட மாதிரி."

"ஆற்றை தோளிலை?"

"காத்தின்ரை தோளிலை. இப்ப ஸ்ரைல் அதுதான்."

"விசர்க் கதை" என்றார். ஆனாலும் நீட்டினார். கிளிக்.

அண்ணன் லிப்டில் ஏற, தம்பி படியால் இறங்கி வந்தான். வெயிலை மறைக்க மேகம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவசரத்தில் வின்சென்ற் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"அவர் நிண்ட இடத்திலை நிக்கமாட்டன்" என்றான் கிளெமென்ற்.

"இல்லையடாப்பா, நீ மற்றப் பக்கம். வலது ஓரம். சிரி!" கிளிக்.

படம் வந்த உறை, மன்னாருக்குப் புறப்பட்ட பாதரின் கையில் பிரிக்காமலே போனது. வேறு உறையில் வந்த நெகட்டிவ் மட்டும் வீட்டில். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் வின்சென்ற் கத்தினான்.

"ஐயோ, இதிலை ஒரு ஆள்தான் நிக்குது!"

பெட்டியின் கண்ணாடி இடதை வலதாகக் காட்டும். அது அவனுக்குத் தெரியாது. இருவரும் ஒரே இடத்தில், முகத்தின் மேல் முகமாக நின்றார்கள். ஒரு கை மட்டும் வெறுங்காற்றில்.

"அம்மாவுக்கு இப்ப என்னத்தைச் சொல்லுறது?" என்று அனஸ்ரேசியா தலையில் கைவைத்தாள்.

ஒருநாளும் தானாகப் போன் எடுக்காத அம்மா, அந்தக் கிழமையே எடுத்தாள்.

"படம் கிடைச்சுதோ அம்மா?"

"கிடைச்சுது. நான் இஞ்சை வருசா வருசம் ஆத்துமத்துக்குப் பூசை குடுக்கிறன். அந்த மனுசன் அங்கை கோட்டுப் போட்டுச் சிரிச்சுக்கொண்டு, கையை வேறை நீட்டிக் கூப்பிடுறார்! உன்ரை அப்பரிட்டைப் போனைக் குடடி!"