அட்டைக்கு ஒரு ஊசி

"ஊசி யாருக்கும்மா?" என்று அன்று ரேஷன் கடைக்காரர் கேட்டபோது கோமதி திணறிப்போனாள். எந்த நோயையும் அடியோடு தீர்க்கும் அரசாங்க ஊசி; குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். மூத்த மகள் இசைவாணிக்குக் கழுத்தெல்லாம் கரப்பான் படை. இளையவள் வெண்ணிலாவுக்கு ஆஸ்துமா. இளைப்பு பார்வைக்குத் தெரியாதே என்று மூத்தவள் பெயரைச் சொல்லிவிட்டாள்.

இன்று பெண் பார்க்க வந்தவர்கள் இசைவாணியின் கழுத்தை உற்றுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அப்போது மூடிய உள்ளறையிலிருந்து கீச்சென்று இழுப்புச் சத்தம்.

"உள்ளே என்ன சத்தம்?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"பழைய ஃபேனுங்க," என்று கோமதியின் வாயில் வந்துவிட்டது.

"சீக்கிரம் தூக்கிப் போடுங்க சம்பந்தி, தலையில விழுந்திடப் போகுது!"

எல்லோரும் சிரித்தார்கள். கோமதியும் சிரித்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. இன்ஹேலரும் கையுமாக வந்த வெண்ணிலா, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.