ஐந்தாவது தட்டு

"நான் தட்ட மாட்டேன்" என்றார் பூபக்கர்.

விழாக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். நான்கு பேர் தட்டி முடித்துவிட்டோம். அவர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

மஹ்தியா என்ற எங்கள் கடலோர ஊரில் தெருவிழாவுக்கு வருஷா வருஷம் சின்னச் சின்ன மானியம் கொடுப்போம். சும்மா பார்த்துவிட்டுப் போகிற கலைக்கு இல்லை, ஜனங்கள் தொட்டு விளையாடுகிற கலைக்கு. உட்கார்ந்தால் பாடும் பெஞ்சு, இழுத்தால் விளக்கெரியும் மீன்வலை, இப்படி. இந்த வருஷம் ஒரே ஒரு மானியம்தான் பாக்கி. அதைக் கேட்டு வந்திருந்தார் மன்னூபியா அக்கா.

தன் வீட்டு வாசல் கதவையே கழற்றிக் கொண்டுவந்து சதுக்கத்தில் நிறுத்தியிருந்தார். நீலக் கதவு, தட்டுவதற்கு மூன்று இரும்பு வளையங்கள். வலது ஆண்களுக்கு, இடது பெண்களுக்கு, கீழே இருப்பது குழந்தைகளுக்கு. சத்தத்தை வைத்தே வந்திருப்பது யாரென்று உள்ளே தெரிந்துவிடும். இது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

அக்கா அதற்கும் ஒரு படி மேலே போனார். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தட்டுகிற ஆளின் பெயரையே சொல்வாராம்.

"இது கலையா, குறி சொல்றதா?" என்று சிரித்தான் செயலாளர் நஜீப்.

"தட்டிப் பாருடா" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

தட்டினான்.

"நஜீப்! கல்யாணத்துக்கு அப்புறம் தட்டுறதுலயே ஒரு பயம் வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தோம். அடுத்து நான்.

"சல்வா. பாத்திரம் கழுவிட்டு அப்படியே வந்துட்டியா? கை ஈரம் கேக்குது."

மருந்துக்கடை துர்க்கியா தட்டியபோது மட்டும் கொஞ்சம் தாமதம். "துர்க்கியாதானே? ஒன்பது வருஷமாச்சு நீ என் வாசலுக்கு வந்து." துர்க்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்காவது ஆளையும் சரியாகச் சொல்லிவிட்டார்.

"மானியம் எதுக்கு சித்தி?" என்று கேட்டான் நஜீப்.

"விழா முடியுற வரைக்கும் கதவு இங்க நிக்கும். வீட்டுக்கு ஒரு மாத்துக் கதவு வேணும்ல?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "இந்த வளையம் மூணும் என் வஜ்தி பட்டறையில அடிச்சது. அவன் கைவேலையை ஊரே ஒரு தடவை தொட்டுப் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வஜ்தி அவருடைய ஒரே பிள்ளை. ஏழு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்கென்று படகேறினான். அந்தப் படகு கரை சேரவில்லை என்பது ஊருக்கே தெரியும். அக்காவிடம் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் வீட்டுக் கதவு தட்டப்படும். திறந்தால் ஆள் இருக்காது. மீனும் ரொட்டியும் எண்ணெயும் வைத்த கூடை மட்டும் இருக்கும். "என் பிள்ளை யார்கிட்டயோ சொல்லி அனுப்புறான்" என்பார் அக்கா. நாங்களும் தலையாட்டுவோம்.

இப்போது பூபக்கரிடம் வருகிறேன். அக்காவுக்கு எதிர் வீடு. போன வருஷம் சுழற்றினால் ஆடும் ஒரு பொம்மை தொடக்க நாளிலேயே நின்றுபோய் மானம் போன பிறகு, "குழுவுல அஞ்சு பேரும் தொட்டுப் பாக்கணும், அஞ்சு பேருக்கும் வேலை செய்யணும்" என்று விதி போட்டவரே அவர்தான். அப்படிப்பட்டவர் தட்ட மாட்டாராம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பது வருஷமா எதிர் வீடு! ஒரு தட்டு தட்டினா கை தேஞ்சா போயிடும் அண்ணே? அந்தப் பொம்பளைக்கு வேற என்ன இருக்கு?"

"எனக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காதும்மா."

"நீங்க தட்டலைன்னா மானியம் கிடையாது. விதி உங்களோடது."

அவர் முகம் வெளிறிவிட்டது.  பிறகு மெல்ல வந்து, இடது கையால், பட்டும் படாமல் ஒரு தட்டுத் தட்டினார்.



"அக்கா?" என்றேன்.

"தெரியலையே" என்றார். "யாரோ வெளியூர் ஆள் போல இருக்கு. இது என் வாசலைத் தட்டின கையே இல்ல."

நஜீப் பேனாவை மூடினான். "அஞ்சாவது தப்பாயிடுச்சு. மன்னிச்சுக்கங்க சித்தி."

"கொடுத்துடுங்கப்பா!" என்றார் பூபக்கர் அவசரமாக.  "விதியைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

"உங்க விதிதானே மாமா" என்றான் நஜீப்.

மானியம் வரிசையில் அடுத்ததாகக் காத்திருந்த ஒரு பாடும் பெஞ்சுக்குப் போனது. பூபக்கர் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துவிட்டார். கையை மாற்றித் தட்டிக் காரியத்தைக் கெடுத்துவிட்டு, இப்போது நல்லவர் வேஷம் போடுகிறார் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கதவை அக்கா வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டினோம். மற்றவர்கள் போன பிறகும் எனக்கு ஆறவில்லை.

"ஒன்பது வருஷம் கழிச்சு வந்த கையைச் சொன்னீங்க. எதிர் வீட்டுக்காரர் கை தெரியலையா அக்கா?"

அக்கா முக்காட்டின் நுனியால் வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இடது கையால தட்டினா மட்டும் எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

"அப்புறம் ஏன் சொல்லலை? கேட்ட மானியமும் போச்சே!"

"ஏழு வருஷமா வியாழக்கிழமை தட்டுற கை அதுதான் சல்வா" என்றார் அக்கா. "அவர் பேரைச் சொல்லியிருந்தா, வர்ற வியாழக்கிழமையே என் பிள்ளை செத்துப் போயிடுவான்."