தும்மலைக் கொண்டுவந்தது யார்?

ஒரு பன்றிப் பண்ணைக்குச் சிட்டு என்ற புதுப் பன்றி வந்து சேர்ந்தது. மூன்றாம் நாளே கொட்டகை முழுக்கக் காய்ச்சல், இருமல், தும்மல். யாரும் தீவனத் தொட்டிப் பக்கம்கூடப் போகவில்லை.

"எல்லாம் இவளாலதான். இவ வர்றதுக்கு முன்னாடி நம்மள்ல யாராவது தும்மினோமா?" என்றது மூத்த பன்றி முத்தழகி. மற்றவை தலையாட்டின. சிட்டு ஒரு மூலையில் தனியாகப் படுத்துக்கொண்டது. அதற்கு மட்டும் ஒரு தும்மல்கூட வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார். பன்றிகளைப் பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்தபடி நின்ற பண்ணைக்காரர் அந்தோணியிடம் திரும்பினார்.

"உங்களுக்கு எத்தனை நாளா சளி?"

"ஒரு வாரமா இருக்கு டாக்டர்."

"அப்ப உங்ககிட்ட இருந்துதான் இதுங்களுக்குத் தொத்தியிருக்கு. சரியாகுற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

சில நாளில் எல்லாம் தேறிவிட்டன. தொட்டியை நோக்கி முண்டியடித்து ஓடின. முத்தழகி மட்டும் மெல்ல மூலைக்குப் போனது.

"வா, சாப்பிடலாம். என் பக்கத்துல இடம் இருக்கு."

"வர்றேன் அக்கா," என்று எழுந்தது சிட்டு. "தும்மல் வந்தா மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

முத்தழகி சிரித்த சிரிப்பில், தொட்டியில் முகம் புதைத்திருந்தவை எல்லாம் நிமிர்ந்து பார்த்தன.