குறுக்கே நின்றவள்

படகுக்கு நின்ற வரிசை, டிரைவரைக் கண்டதும் தானாக விலகி வழிவிட்டது.

"நீங்க முன்னால போங்கண்ணே. உங்க புண்ணியத்துலதான் நாங்க இன்னைக்கு உயிரோட நிக்கிறோம்" என்றாள் நர்ஸ். அன்று அவருடைய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள்.

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

பாலம் விழுந்து ஒன்பது நாளாகிறது. அதன் நடுத்துண்டு இன்னமும் ஆற்றுக்குள்தான் குப்புறக் கிடக்கிறது.

ஒரே ஊர் இரண்டாகிப் போனது. ஆனால் யாரும் தலையில் கைவைத்து உட்காரவில்லை. மணல் அள்ளும் படகுகளைக் கழுவிவிட்டு ஆள் ஏற்றினார்கள். பள்ளிக்கூடம் அக்கரையில் மாட்டிக்கொண்டதால், இக்கரைப் பிள்ளைகளுக்கு மரக்கடைக்காரர் தன் கிடங்கைத் திறந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் அக்கரைக்காரர்களின் சீட்டை வாங்கி, தினமும் இரண்டு நடை தானே மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தார்.

இத்தனைக்கும் நடுவே, நன்றி சொல்ல ஊருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. டிரைவர் அகப்பட்டார்.

ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து பஸ்ஸை நிறுத்தி, நாற்பத்து மூன்று உயிர்களைக் காப்பாற்றியவர் என்று பத்திரிகையில் போட்டோவோடு வந்தது. டிப்போவில் கூட்டம் போட்டுக் கைக்கடிகாரம் கொடுத்தார்கள். இருபது வருடமாக முதுகுக்குப் பின்னால் 'சிடுமூஞ்சி' என்று சொன்ன பயணிகள், இப்போது 'நம்ம அண்ணன்' என்றார்கள்.

அவர் அந்தக் கடிகாரத்தைக் கட்டவே இல்லை.

அன்று காலை பஸ் ஏழு நிமிடம் தாமதம். வழக்கம்போல அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். பாலம் தொடங்குகிற இடத்தில் ரோடு பெருக்குகிற பெண் ஒருத்தி, துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள்.

ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை.

விடாமல் அடித்தார். அப்போதும் நகரவில்லை.

பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, குதித்து இறங்கினார். சாவதற்கு என் வண்டிதான் கிடைத்ததா என்று ஆரம்பித்து, வீட்டில் சொல்லக் கூசுகிற வார்த்தைகள் வரைக்கும் போனார். பெருக்கி ஒதுக்கிய மண்ணெல்லாம் பாலத்தின் வெடிப்புக்குள் இறங்குகிறது, மூன்று நாளாகச் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்று அவள் கெஞ்சினாள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அடிக்கக் கையை ஓங்கினார்.

ஓங்கிய கை கீழே இறங்குவதற்குள், அவளுக்குப் பின்னால் பாலம் பெருஞ்சத்தத்தோடு உட்கார்ந்தது.

புழுதி அடங்கியபோது, ரோடு இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. நல்லவேளை, அந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஒரு சைக்கிள்கூட இல்லை.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கண்ணாடி வழியே பார்த்தது, டிரைவர் இறங்கி ஓடி ஒரு பெண்ணையும் விரட்டிக் காப்பாற்றியதை. அப்படித்தான் அவர்கள் சொன்னார்கள். அப்படித்தான் ஊரும் நம்பியது.

மனைவியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அவர் தொடாமல் வைத்திருந்த தட்டை அவள் எடுத்து மூடினாள். பிறகு, அந்த அம்மாளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், அப்புறமாவது சோறு உள்ளே இறங்கும் என்றாள்.

அதற்காகத்தான் இன்று படகுத்துறைக்கு வந்திருந்தார்.

அந்தப் பெண் அங்கேதான் இருந்தாள். படகேறுகிறவர்கள் வழுக்கி விழாமல் இருக்க, பலகையில் அப்பியிருந்த சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

டிரைவர் வரிசையை விட்டு விலகி, நேராக அவள் முன்னால் போய் நின்றார். அவரைக் கண்டதும் அவள் ஓரடி பின்வாங்கினாள். அந்த ஓரடி அவரை என்னவோ செய்தது.

வரிசையின் பக்கம் திரும்பினார். அவர் குரல் எப்போதுமே பெரிய குரல். இப்போதும் அது வரிசையின் கடைசிவரை கேட்டது.

"பஸ்ஸை நிறுத்துனது நான் இல்லீங்க. இந்த அம்மாதான். நான் இவங்களைத் திட்டத்தான் இறங்கினேன். அடிக்கக்கூடக் கை ஓங்கிட்டேன்."

அவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

முதலில் நர்ஸ்தான் வந்தாள். சேறு படிந்த அந்தக் கைகளை இழுத்துப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், அப்புறம் இன்னொருவர். ஏறவேண்டியவர்கள் ஏறாமல் நிற்க, படகுக்காரரும் துடுப்பை வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

இவ்வளவு பேர் ஒன்றாகத் தன் முகத்தைப் பார்த்தது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிரைவரின் கூப்பிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நீங்க எதுக்குண்ணே கும்பிடுறீங்க? நான்ல உங்களைக் கும்பிடணும்! அன்னைக்கு உங்களுக்கு முன்னால மூணு பஸ்ஸு, ரெண்டு லாரி. கத்திப் பார்த்தேன், குறுக்க விழுந்து பார்த்தேன். பைத்தியம்னு சிரிச்சுக்கிட்டே எல்லாரும் என்னைச் சுத்திப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான், திட்டுறதுக்காவது இறங்கி வந்தீங்க."