மூணு வருஷப் பால்

“மார்க்கெட்டுக்குத்தானே போறீங்க, டெர்வின்? வெங்காயம், சோப்புத்தூள், அப்புறம் ஒரு பாக்கெட் காண்டம்.”

ஜாக்குலின் இதை மாமனார், மாமியார் காதில் விழும்படிதான் சொன்னாள். புருஷனிடம் இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே என்று அவளுடைய அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். அவன் காதோடு கேட்டுக் கேட்டு இவளுக்கு அலுத்துவிட்டது.

டெர்வின் பைக் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய்ந்து வந்தது அவன் அம்மா அமுதம்தான்.

“ஏட்டி, வெக்கமா இல்ல? பிள்ள பால் குடிக்கிற வரைக்கும் அடுத்தது தங்காது. எதுக்கு இந்தக் கருமம்?”

“வெறும் பால் மட்டும் குடிச்ச முதல் ஆறு மாசத்துக்கு அது சரி அத்தை. இப்ப பாப்பா மீன் சோறு திங்குறா. எனக்கு மாசாமாசம் வந்துட்டும் இருக்கு.”

“அரே, சுப் கரோ ஜாக்கி, வாய மூடு,” என்றான் டெர்வின். “அம்மா அனுபவத்துல சொல்றாங்க.”

“உங்களுக்குக் கடையில கேக்க வெக்கம். எனக்கு பி.எட். பாதியில போச்சு. திங்கக்கிழமை மறுபடி கிளாஸ். இன்னொரு தடவ வயித்தத் தள்ளிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பி வர என்னால முடியாது.”

அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

“பெரிய படிப்பு!” அமுதம் கையைத் தட்டினாள். “இவனுக்கு மூணு வருஷம் குடுத்தேன்டி. இவங்கப்பா கரைக்கு வந்து ஆசையா தூக்குனதுக்கு, ஆரோ எவரோன்னு அலறி என் மாருல ஒட்டிக்கிட்டான். அந்த வாரந்தான் பால நிறுத்துனேன். மறு வருஷமே இவன் தங்கச்சி வந்து நின்னா! இந்த மின்னி பே குப்பத்துல எத்தன பொண்ணுகளுக்கு இதச் சொல்லிக் குடுத்திருக்கேன், தெரியுமா?”

வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த மாமனார் இருதயநாதனின் கை நின்றது. அவர் நிமிரவில்லை.

ஜாக்குலின் பாப்பாவை இடுப்பில் ஏற்றினாள். கதவோரம் பை தயாராக இருந்தது.

“எங்கட்டி கிளம்பிட்ட?”

“ஆஸ்பத்திரிக்கு. காப்பர்-டி போட. டாக்டரம்மாகிட்ட நேத்தே பேசிட்டேன்.”

“அப்ப நான் சொன்னது பொய்யா? மூணு வருஷம் எனக்குத் தங்கலயே, அது பால் இல்லாம வேற என்னட்டி?”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

“அந்த மூணு வருஷமும் மாமா இந்தோனேசியா ஜெயில்ல இருந்தாரு அத்தை.”