பால் தாங்கும் தேயிலை

"ஓரமா நிக்கறது யாரு கண்ணு?"

"அவங்க பையனுங்கம்மா."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"நான் டீத்தூள் வாங்கத்தானுங்கம்மா போனேன். சாதகம் வாங்கப் போகல."

முதல் பொட்டலம் வந்தபோது, அதன் உறைமேல் இருந்த படத்தைப் பார்த்துப் போனில் பேசியது. மகள் சொன்ன தோரணையில் அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போனை வைத்த பிறகுதான், கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது உறைத்தது.

இப்போது சமையல் மேடைமேல் இன்னொரு பொட்டலம்.

அதே உறை. அதே படம். மலைச்சரிவில் தேயிலைச் செடிகள், முன்னால் ஒரு குடும்பம். தொப்பி போட்ட அப்பா. தலையில் துணி கட்டிய அம்மா. ஓரமாக மகன், இலையைக் கையில் ஏந்திக்கொண்டு. ஜப்பானில் விளைவித்தவர் முகத்தை உறைமேல் ஒட்டித்தான் விற்பார்களாம். தக்காளிக்கும் ஒட்டுவார்களாம். சங்கவி சொன்னாள்.

தக்காளி விற்கிறவன் இப்படியா சிரிப்பான்?

கத்தரிக்கோலை எடுத்தவள், அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு மறுபக்கம் வெட்டினாள்.

சங்கவி அவளுக்கு ஒரே பெண். கோபியிலிருந்து புறப்பட்டு ஜப்பானில் ஒரு கார் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வர இருந்த வாரம்தான் கிளம்பினாள். வாசலில் டாக்ஸி நிற்கும்போது இவள் சொன்னாள்:

"என்னைக் கேட்டா போற? வர்றதுக்கும் என்னைக் கேக்காத."

அன்றிலிருந்து 'ஊருக்கு வா' என்பது ஒவ்வொரு போனிலும் தொண்டை வரை வரும். அங்கே மழை பெய்ததா என்று கேட்டு முடித்துவிடுவாள்.

மகளும் வரட்டுமா என்று கேட்கவில்லை.

தேயிலை மட்டும் வந்தது.

அந்தத் தோட்டத்துக்கு ரயில் ஏறிப் போக வேண்டுமாம். சனிக்கிழமை ஆனால் போய்விடுகிறாள். ஒரு ஆள் குடிக்கிற டீக்கு வாராவாரமா போவார்கள்?

ஒரு நாள் வீடியோவில் பேசும்போது மகளின் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. கேட்டால், பேனா மை என்றாள்.

எல்லா விரலிலுமா?

எல்லாவற்றையும்விட, போனில் கேட்ட ஒரு சிரிப்புதான் அவளுக்குள் முள்ளாய்க் கிடந்தது. முதல் பொட்டலத்தை வழக்கம்போலக் கொதிக்கவிட்டு எருமைப்பால் ஊற்றியிருந்தாள். அரிசி கழுவிய தண்ணீராட்டம் வெளுத்துவிட்டது.

"உன்ற டீக்காரன் நல்லா ஏமாத்திப்புட்டான். பால் பட்டதும் செத்துப்போச்சு."

"அதுக்குப் பால் ஊத்தக் கூடாதுங்கம்மா. அப்படியே குடிக்கோணும். தேனாட்ட இருக்கும்."

"பாலில்லாம குடிக்க எனக்கு என்ன காய்ச்சலா?"

சங்கவி அந்தப் பக்கம் திரும்பி, அந்த ஊர்ப் பேச்சில் என்னவோ சொன்னாள். ஒரு ஆண்குரல் சிரித்தது.

"யாரு கண்ணு?"

"டிவிங்கம்மா."

டிவியிடம் யாராவது திரும்பிப் பேசுவார்களா?

அடுத்தடுத்து வந்த பொட்டலங்களும் பாலில் செத்தன. மிச்சமெல்லாம் அலமாரியில் கிடக்கின்றன.

புதியதைத் தட்டில் கொட்டினாள்.

நீளநீளமாக முறுக்கிய இலை இல்லை. குருணை. கறுத்துப் பொடிந்து கிடந்தது.

மட்டச் சரக்கு. கூட்டிப் பெருக்கியதைத் தலையில் கட்டிவிட்டான். மகள் அதையும் வாங்கி அனுப்பியிருக்கிறாள் என்றால், வாங்கியவளுக்குக் கண் எங்கே இருந்தது?

தண்ணீர் கொதித்தது. தூளைப் போட்டாள். பாலை ஊற்றினாள். சாகட்டும் என்றே ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

சாகவில்லை.

மழை நனைத்த செம்மண்போல நிறம் மேலே எழுந்து வந்தது.

அடுப்பை அணைக்க மறந்து நின்றாள்.

ஒரு வாய் குடித்தாள். தொண்டையைப் பிடித்தது. அடியில் எங்கோ அந்தத் தேன் வாசமும் இருந்தது. மட்டச் சரக்கில் இது வராது.

அந்த ஊரில் யாரும் இப்படிக் குடிப்பதில்லை. கடையில் விற்க இதைச் செய்திருக்க மாட்டார்கள். நல்ல இலையை யாரோ வேண்டுமென்றே நொறுக்கியிருக்கிறார்கள். பாலை ஊற்றி ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். உங்கம்மா எந்த நிறத்தில் குடிப்பார்கள் என்று ஒருவன் கேட்டிருக்கிறான். ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

உறையைத் திருப்பினாள். ஓரத்துப் பையனின் சிரிப்பை விட்டு, இலையை ஏந்திய கையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

இலைக்கறையில் விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

போனை எடுத்தாள்.

"பொட்டலம் வந்துச்சு."

"பால் ஊத்துனீங்களாம்மா?"

எப்போதும் ஊற்றாதீர்கள் என்கிறவள்.

"ஊத்துனேன்."

 அந்தப் பக்கம் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல இருந்தது. டிவியும் இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மழை பெய்ததா என்று கேட்க வாயெடுத்தாள். டம்ளர் இன்னும் சுட்டது.

"ஊருக்கு வா கண்ணு. வர்றப்ப, அந்தத் தம்பி எத்தன கரண்டி சக்கரை போடும்னு கேட்டுக்கிட்டு வா."